நிறுத்த முடியாதவர்கள்

எங்கடின் பள்ளத்தாக்கில் சில்ஸ் கிராமத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நீட்சேயைத் தேடித்தான் போகிறார்கள். எழுத்தாளர் அன்னமாரி ஷ்வார்சன்பாஹ் 1942 நவம்பரில், 34 வயதில் இறந்ததும் அங்கேதான். சூரிச் பட்டுத்தொழில் குடும்பத்துப் பிள்ளை. 1939இல் எல்லா மையாருடன் காரில் ஆப்கானிஸ்தான் வரை போனவர். பல வருடங்களாக மோர்பினுக்கு அடிமை. (உயிரைப் பறித்தது மோர்பின் அல்ல, சைக்கிளில் இருந்து விழுந்த காயம்.) திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிறுத்துவார், வெளியே வருவார், மீண்டும் தொடங்குவார். நிறுத்த முடியாதவரை என்ன செய்வது என்பதற்கு அந்தச் சிகிச்சைகளிடம் பதில் இருக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சூரிச் பல்கலைக்கழகத்தின் சமூக உளமருத்துவப் பேராசிரியர் அம்புரோஸ் உக்தன்ஹாகன். பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பகிரங்கமாக ஊசி ஏற்றியவர்களை 1992இல் பொலிஸ் கலைத்தது. அவர்கள் லெட்டன் பழைய ரயில் நிலையத்துக்கு இடம் மாறினார்கள், அவ்வளவுதான். 1994இல் தொடங்கிய பரிசோதனையில், வேறு சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்குத் தாதியின் கண்முன்னால் சுத்தமான ஹெரோயினே கொடுக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். உடல்நிலை தேறியது, களவு குறைந்தது, வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள் என்று அவருடைய ஆய்வுக்குழு 1997இல் அறிக்கை கொடுத்தது.

வைத்தியர் நஞ்சைக் கொடுக்கலாமா? பலன் ஹெரோயினால் வந்ததா, கூடக் கிடைத்த ஆலோசனையாலும் கவனிப்பாலும் வந்ததா என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை என்றது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு. நியாயமான குறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது எங்கள் கணினித் தொழிலிலும் பாலபாடம். ஆனால் அந்த மனிதர் ஆலோசகரின் கதவைத் தட்டியதே ஹெரோயினுக்காகத்தானே.

எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது இன்னொரு மறுப்பு. வருடக்கணக்காக அந்தக் கதவுக்கே நடக்கிறவர் சுதந்திரமானவரா? சிலர் அங்கேயே முதுமையும் அடைகிறார்கள். இல்லை, அவர் சுதந்திரமானவர் அல்ல. ஆனாலும் விற்பவனிடம் கட்டுண்டிருப்பதும் தாதியிடம் கட்டுண்டிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் நாளைக்கு உயிரோடு இருப்பாரா என்றே தெரியாது. மனம் மாறுவதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

2008 நவம்பரில் 68 சதவீத வாக்காளர்கள் இந்தச் சிகிச்சையைச் சட்டத்தில் நிலைநிறுத்தினார்கள். அதே நாளில் கஞ்சாவைக் குற்றமற்றதாக்கக் கேட்ட யோசனையைத் தோற்கடித்தார்கள். போதைக்கு இளகிய மனம் படைத்த சனம் அல்ல இது.

எங்கள் வீடுகளில் இந்தக் கதையே எழுவதில்லை. 1980களில் தமிழ் அகதி என்றாலே ஹெரோயின் விற்பவன் என்று சுவிஸ் பத்திரிகைகள் சந்தேகித்த காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது. அந்தப் பழிக்கு அஞ்சியே, பிள்ளை பழகிவிட்டான் என்று தெரிந்தாலும் வைத்தியரிடம் போகாமல், 'சனம் என்ன கதைக்கும்' என்று ஊருக்கு அனுப்பப் பார்க்கிறோம். ஊரிலும் இப்போது ஹெரோயின் கிடைக்கிறது.