பேரிங்குக்கு ஆள் தெரியாது

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக்கில் என் பட்டறையைத் தேடி வரும் பழைய டட்சன்காரர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான். 1600 எஞ்சினில் இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும். ஆனால் பிளாக்கை மாற்றக் கூடாது. வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள எஞ்சின் எண் பிளாக்கில்தான் அடித்திருக்கிறது. அது போனால் வண்டியே போனது போல அவர்களுக்கு.

அதற்கு நல்ல வழி உண்டு. எல்16 எஞ்சினின் போர் 83 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 73.7. டட்சன் 180பி-யில் வந்த எல்18-இன் பிளாக்கும் இதே உயரம்தான், ஆனால் அதன் கிராங்கின் ஸ்ட்ரோக் 78. அந்தக் கிராங்கையும் ராடுகளையும் எல்16 பிளாக்கில் பூட்டலாம். புதிய கிராங்க் பிஸ்டனை 2.15 மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கும், ராடு 2.65 குட்டை. ஆகவே பழைய பிஸ்டனே ஏறக்குறையப் பழைய இடத்தில் வந்து நிற்கும். 1595 சிசி 1688 ஆகிவிடும். வெளியே ஓர் அடையாளமும் இராது.

இப்படிச் செய்த எஞ்சின் ஓடும். ஓடுவது பெரிதல்ல, பத்து வருஷம் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பழைய கிராங்க் பிஸ்டனை வினாடிக்குச் சராசரி 14.7 மீட்டர் வேகத்தில் விரட்டியது, புதியது 15.6 மீட்டரில் விரட்டும். ராடு குட்டையானதால் சாய்வு கூடி, பிஸ்டன் சிலிண்டர் சுவரை முன்னைவிட அழுத்தி உரசும். எல்18 கிராங்க் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் எங்கோ ஒரு பொத்தோங் கடையில் பல வருஷம் கிடந்திருக்கும். அதில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும், ஜர்னல் வட்டமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும், ராடுகளை ஒரே எடைக்குக் கொண்டுவந்து பேலன்ஸ் செய்ய வேண்டும். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி. அதில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் எல்லாம் சுழல்கிறது. நல்ல எஞ்சின் சுற்றும்போது அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

அதனால் நான் அதிக நேரம் செலவிடுவது கழுவுவதில். லேத் கடையில் போர் போட்டு வந்த பிளாக்கில், எண்ணெய் ஓடும் வழியான ஆயில் கேலரியின் அடைப்பான்களைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் ஊற்றித் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக் கூடாது. இந்த வேலையை யாரும் பார்ப்பதில்லை. பில்லில் எழுதினால் "கழுவினதுக்கா இவ்வளவு?" என்பார்கள்.

லுக்குட்டிலிருந்து ஒரு பையன், வேறொரு பட்டறையில் ஸ்ட்ரோக் கூட்டிய எஞ்சினைக் கொண்டுவந்தான். ராடு பேரிங்கைக் கழற்றினேன். மங்கிய சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டிய ஓடு முழுக்கக் கீறல். கீறல்களின் முடிவில் பொடிப்பொடியாக ஏதோ புதைந்து மின்னியது. கேலரி அடைப்பானைத் திறந்து பிரஷ்ஷை விட்டால் கறுப்புக் களிம்பு வந்தது. போர் போட்டபோது விழுந்த இரும்புத் தூள், எண்ணெயில் குழைந்தது. ஆயில் ஃபில்டர் கேலரிக்கு முன்னாலேயே இருக்கிறது. கேலரிக்குள் கிடக்கும் தூள் நேரே பேரிங்குக்குத்தான் போகும். வேலை செய்தவர் காசு வாங்கிப் பல மாதம் ஆகிவிட்டது. நெடுஞ்சாலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டபோது வண்டியில் இருந்தவர்கள் இந்தப் பையனும் அவன் அம்மாவும்.

செய்தவனுக்குத்தான் வினை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது உண்மையாகத் தெரியவில்லை. செயலுக்கு விளைவு தப்பாமல் வந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வந்த இடம் வேறு. பேரிங்குக்குக் கணக்குத் தெரியும், ஆள் தெரியாது.

எங்களுக்குச் சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஐயாவிடம் இதைக் கொண்டுபோனேன். அவர் மகிழ்ந்துபோனார். இது பழைய வழக்கு என்றார். செய்த கருமம் 'அபூர்வம்' என்னும் ஒரு சக்தியாக நின்று தானே பலன் தரும், இடையில் கடவுள் வேண்டாம் என்பது மீமாம்சகர் கட்சி. வினை சடம், அறிவற்றது, தன்னைச் செய்தவனை அடையாளம் கண்டு போய்ச் சேர அதனால் ஆகாது, ஆகவே கூட்டிவைக்க ஒருவன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களில் இரண்டாவது இதைத்தான் பேசுகிறது. இருவினைப்படி உயிர்கள் வந்து போவது இறைவனின் ஆணையால் என்கிறது. "உன் பேரிங் சடம். அதுக்கு ஆள் தெரியாதுன்னு நீ கண்டதுதான் எங்க கட்சிக்கு ஆதாரம்" என்றார் ஐயா.

அதுவரை எனக்குச் சம்மதம். பிறகு நான் கேட்டது வேறு. இறைவன் அந்த மெக்கானிக்குக்கு எப்போதோ கொடுக்கட்டும். அந்தத் தாயும் மகனும் நடுரோட்டில் நின்றார்களே, அது எந்தக் கணக்கு? அது அவர்களுடைய பழவினை என்றார்.

இந்த ஊரில் அந்தப் பதிலை எளிதாக விழுங்க முடியாது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சல், பன்றிகள் லாரியேறித் தெற்கே வந்தபோது சேர்ந்தே இங்கு வந்தது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். புதிய கிருமி என்று கண்டறிந்து, இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாட்டில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். சீனப் பண்ணைக்காரர்களோடு, பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம் ஆட்களும் மாண்டார்கள். அப்போது ஒரு பெரியவர், பன்றிக் கொட்டகையில் வேலை செய்த பாவம் என்று துக்க வீட்டு வாசலிலேயே சொன்னதைக் கேட்டேன். இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. வினையைப் பற்றி அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது இருக்கட்டும், அதைச் சொல்ல அவர் யார்?

அங்கிருந்துதான் என் முடிவு வந்தது. வினை என்பது தன்னைப் பற்றி மட்டும் ஒருவன் பேசக்கூடிய விஷயம். "இது நான் செய்ததன் பலன்" என்று சொல்லலாம். "இது நீ செய்ததன் பலன்" என்று சொல்ல, கூட்டிவைக்கிறவனுக்கு மட்டுமே உரிமை. கேலரியைக் கழுவாமல் விட்ட கை, பையனின் பழவினையைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

ரோட் டேக்ஸ் விஷயத்திலும் நான் இதைத்தான் சொல்கிறேன். 1595 சிசிக்கு 90 வெள்ளி. 1688 என்றால் 200 வெள்ளி, 1600-க்கு மேலே உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு, ஆக 235 வெள்ளி 20 காசு. "வண்டிப் பரிசோதனைக்குப் போனா புஸ்பகோம்ல எஞ்சின் நம்பரைத்தானே பார்க்கிறாங்க, கிராங்கைத் திறந்தா பார்க்கப்போறாங்க, அண்ணே?" என்பார்கள். திறக்க மாட்டார்கள். ஆனால் விபத்து என்று வந்தால், இன்ஷூரன்ஸ் கைவிரித்தால், அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவன் எதிர்த்தாற்போல் மோட்டார்சைக்கிளில் வந்த யாரோ. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யிடம் அனுமதி வாங்கி கிராண்டில் சிசியை மாற்றுவதாக ஒப்புக்கொண்டால்தான் பிளாக்கைத் தொடுவேன். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

ஐயா என் முடிவை ஏற்கவில்லை. கோட்பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டாய் என்கிறார். பிறருக்கு வரும் துன்பத்துக்கு விளக்கம் இல்லாமல் போகிறதே, இறைவனின் நீதிக்குப் பழி வராதா என்கிறார். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரிகிறது. விளக்கம் இல்லாமல்தான் போகிறது. விளக்கம் கிடைத்த மறுகணமே அந்த அம்மாவின் துன்பம் எனக்குச் சம்பந்தமில்லாததாக மாறுவதைவிட, விளக்கமின்றி நின்று அந்த எஞ்சினைத் திரும்பக் கழுவிப் பூட்டுவதே மேல் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு சிவஞான சித்தியாரைக் கொண்டுவா, அதைப் பாடிய அருணந்தி சிவத்தை வைத்து உன்னை மடக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.