சயாம் ரயிலின் கணக்கு

(பெட்டாலிங் ஜெயா பழைய நகரில் மாலை வகுப்பு முடிந்த வேளை. ஆசானும் சீடனும் மட்டும் இருக்கிறார்கள்.)

சீடன்: ஐயா, போரில் இறந்தவர்களை எண்ணுவது எனக்கு உறுத்துகிறது. செத்தவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்கு எல்லாமாக இருந்தவர். அவரைப் பத்தாயிரத்தில் ஒருவராக்கினால் அவர் மறைந்துபோகிறாரே?

ஆசான்: யாரை மனத்தில் வைத்துக் கேட்கிறாய்?

சீடன்: ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போன நம் தோட்டத்து மக்களை.

ஆசான்: அப்படியானால் அங்கேயே தொடங்குவோம். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். அங்கே உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. எண்ணியதால் அவர்கள் மறைந்தார்களா?

சீடன்: இல்லை ஐயா. எண்ணியதால்தான் தேடிக் கண்டெடுத்தார்கள்.

ஆசான்: நம்மவர்?

சீடன்: மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் போனார்கள் என்கிறார்கள். பெரும்பாலோர் தமிழர். இறந்தவர் ஏறத்தாழ 30,000 என்று ஒரு கணக்கு, 40,000க்கு மேல் என்று இன்னொரு கணக்கு.

ஆசான்: இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் பேருக்கு மேல். செத்தார்களா, தப்பி ஓடினார்களா, சயாமிலேயே தங்கிவிட்டார்களா? இங்கே லயத்தில் காத்திருந்தவள் கருமாதி செய்வதா, பொட்டு வைத்துக்கொள்வதா? எண்ணத் தவறியதன் பாரத்தை அவள்தான் சுமந்தாள்.

சீடன்: தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் தினமும் ஆள் எண்ணினார்கள். செக்ரோலில் எல்லார் பெயரும் இருந்தது. அங்கிருந்து போனவர்கள் எப்படிக் கணக்கில்லாமல் போனார்கள்?

ஆசான்: செக்ரோல் எதற்கு?

சீடன்: கூலி போட.

ஆசான்: அதில் வராதவனுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். அவன் ஏன் வரவில்லை என்று அந்த ஏடு கேட்காது. போர்க்கைதிக்குப் பின்னால் ஒரு படையும் ஓர் அரசும் இருந்தன. அவன் வீட்டாருக்குப் பதில் சொல்லும் கடமை அவற்றுக்கு இருந்தது. அதனால் போர் முடிந்ததும் ஆளனுப்பிக் கல்லறைகளைத் தேடினார்கள். கூலியாளுக்காகக் கேட்க யாருமில்லை. பதில் சொல்ல வேண்டியவர் இருந்தால்தான் ஒரு சாவு ஏட்டில் ஏறுகிறது.

சீடன்: எண்ணிக்கை துயரத்தை அளப்பதில்லையா?

ஆசான்: துயரம் ஒரு சாவிலேயே நிறைந்துவிடும். எண் அளப்பது பொறுப்பை. கைதிகளில் ஐவரில் ஒருவர் இறந்தார். எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் நம்மவரில் விகிதம் அதைவிட மிக அதிகம். காடு ஒன்றுதான், மழை ஒன்றுதான், 1943இல் பரவிய காலராவும் ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

சீடன்: கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கவும், மலக்குழி தோண்டவும், நோயாளியைப் பிரித்து வைக்கவும் சொல்ல ஆளிருந்தது. கூலிகளின் முகாம்களில் பெரும்பாலும் அப்படி யாருமில்லை. பிள்ளைகுட்டிகளோடு போன குடும்பங்களும் அங்கே இருந்தன.

ஆசான்: காடு கொன்றது என்று யாரும் தப்பிக்க முடியாதபடி செய்வது அந்த விகிதம்தான். அது தெரியாமல் போயிருந்தால் கொலையை விதி என்று எழுதியிருப்பார்கள்.

சீடன்: அப்படியென்றால் ஒரு லட்சம் என்றே சொல்லலாமே? உலகம் திரும்பிப் பார்க்குமே?

ஆசான்: கூடாது தம்பி. சாகாதவரைச் சேர்த்துச் சொன்னால், அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு செத்தவரையும் மறுப்பார்கள். இரு கணக்கையும் சொல். இவர்களை எண்ணக்கூட யாரும் மெனக்கெடவில்லை என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி.

சீடன்: ஜப்பானியரே 1944இல் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் வாசகமும் உண்டு. 2023இல் நம்மவர் அவ்வூரில் நடுகல்லும் நட்டார்கள். போதாதா?

ஆசான்: ஜப்பானியர் தூணில் அஞ்சலி இருக்கிறது, செத்தவர் பெயர் இல்லை. நடுகல் நட்டது நல்ல காரியம். ஆனால் இறந்தவன் பெயரையும் ஊரையும் கல்லில் வெட்டுவது நம் பழைய மரபு. அந்த வேலை மிச்சமிருக்கிறது.

சீடன்: எண்பது ஆண்டு கழித்து எப்படி?

ஆசான்: இந்தப் பெட்டாலிங் ஜெயாவே ரப்பர்த் தோட்டத்தை அழித்து 1950களில் எழுந்த நகர்தான். இங்கிருந்த எஃபிங்ஹாம் தோட்டம் போய்விட்டது. பெயர் மட்டும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நிற்கிறது. தோட்டத்து ஏடுகளும் போயிருக்கலாம். குடும்பங்கள் இருக்கின்றன. உன் வீட்டுப் பெரியவர்களைக் கேள்: யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து, யாரோடு, யார் திரும்பினார். தெரிந்ததை எழுது. தெரியாத இடத்தைக் காலியாக விடு, கற்பனையால் நிரப்பாதே. வென்ற அரசுகளும் தோற்ற அரசுகளும் தத்தம் வீரர்களை எண்ணி முடித்துவிட்டன. கூலிகளின் பெயர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் எழுத வேண்டும். அந்தக் கடமை உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு.