முன்னிட்டியும் குப்பைமேடும்



ஆகமன காலம் தொடங்கிவிட்டது. இன்னும் சில நாட்களில் உங்கள் வீடுகளில் குடில் எழும்பும். வாசலில் நட்சத்திரம் தொங்கும். நல்லதே. ஆனால் குடிலுக்கு முன் முழந்தாளிடும்போது, சேசு பாலன் படுத்திருக்கிற இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்.

தேவமாதா தம் பாலனைத் துணிகளில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தினதாக அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். முன்னிட்டி என்றால் என்ன? மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி. சத்திரத்தில் இடமில்லாமற்போயிற்று, வாயில்லாச் சீவன்களின் தீனித்தொட்டியே சர்வலோகத்தையும் படைத்தவருக்கு முதல் தொட்டிலாயிற்று.

1223-ஆம் ஆண்டில் அசிசி நகர் அர்ச். பிராஞ்சிஸ்கு, இத்தாலி தேசத்துக் கிரேச்சோ என்னும் ஊரில், இந்தக் காட்சியைச் சனங்கள் கண்ணாரக் காணவேண்டுமென்று ஆசித்தார். அவர் என்ன கேட்டார்? உலர்ந்த புல் நிறைந்த ஒரு முன்னிட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவே. சனங்கள் தீப்பந்தமும் மெழுகுதிரியும் ஏந்தி வந்தார்கள். அந்த முன்னிட்டியின்மேல் திவ்விய பூசை நிறைவேறிற்று. திருநாள் முடிந்தபின் அந்தப் புல் என்னவாயிற்று? அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ் சொல்லுகிறபடி, அதைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். நோயுற்ற கால்நடைகள் அதைத் தின்று குணமடைந்தன.

பிரியமானவர்களே, நம்முடைய திருநாளின் மிச்சத்தைத் தின்கிற மாடு என்ன ஆகிறது?

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். மாடு விழுங்கிய பிளாஸ்டிக் அதன் முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும்; செரிக்கவும் செரிக்காது, வெளியே போகவும் போகாது. வயிறு நிறைந்திருக்கும், மாடோ பட்டினியால் மெலியும். மாடு கடைக்குப் போய் அதை வாங்கித் தின்றதா? மீந்த சோற்றைப் பையில் போட்டு, முடிச்சிட்டு, தெருவில் எறிந்தது மனிதர் கை. முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையில்லை. சோற்றின் வாசனைக்குப் பையோடு விழுங்குகிறது. நடுச்சாமப் பூசையில் நற்கருணை வாங்கிய நம்முடைய கை, மறுநாள் சாயங்காலம் இதைச் செய்யலாமா?

"சாமி, குடில் அழகாயிருக்க வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். ஆனால் தெர்மாகோல் மலையும் பிளாஸ்டிக் புல்லும்தானா அழகு? அலங்காரத் தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் நம் தேசமெங்கும் தடை செய்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து விடவேண்டாம். பாலன்மேல் உள்ள நேசத்தால் விடுங்கள்.

இந்த வாரமே ஒரு தட்டில் மண் பரப்பி, பிள்ளைகளைக்கொண்டு கேழ்வரகோ நெல்லோ விதைக்கச் சொல்லுங்கள். திருநாளுக்குள் அது பச்சைப் பசேலென்று நிற்கும். நாள்தோறும் தண்ணீர் தெளிக்கும்போது ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லட்டும். மலைக்குப் பழைய சாக்கு போதும். கூரைக்கு ஓலையும் வைக்கோலும் போதும். வைக்கோலில் சாயமும் மினுக்குத்தூளும் தூவாதேயுங்கள். போன வருஷத்து நட்சத்திரம் பரணில் இருந்தால், அதையே துடைத்துக் கட்டுங்கள். அயலாருக்குப் பலகாரம் அனுப்பும்போது தூக்குவாளியிலோ வாழையிலையிலோ அனுப்புங்கள். சோறு மீந்தால், கெட்டுப்போகுமுன் பசித்திருப்பவனைத் தேடிக் கொடுங்கள். கழிவாகிப்போனதைப் பையில் கட்டாமல், தனி வாளியில் சேர்த்துத் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். அவர்களும் திருநாள் கொண்டாட வேண்டியவர்கள் அல்லவா?

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்தபின் குடிலைக் கலைப்பீர்கள். அப்பொழுது அந்த வைக்கோலையும் முளைத்த பயிரையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, உங்கள் தெருவில் மாடு வளர்க்கிறவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் எந்த மதத்தாராயிருந்தாலும் சரியே. சேசு பாலனுக்குத் தன் தொட்டியைக் கொடுத்த மாட்டுக்கு, நாம் ஒரு கைப்பிடி புல்லாவது திருப்பிக் கொடுத்தோம் என்றிருக்கட்டும்.

அந்த வீட்டாரிடம் பிள்ளைகள், "இது எங்கள் குடிலில் இருந்தது" என்று சொன்னால் போதும். அதைவிட நல்ல கிறிஸ்மஸ் பிரசங்கம் என்னால் செய்ய முடியாது.

சேசு பாலன் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.