சும்மா மேயும் மாடு

"மாடு சும்மாதானே மேயுது, ஒனக்கென்ன செலவு?" எஸ்டேட் பக்கம் மாடு வளர்க்கிறவரிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மேய்ச்சலுக்கு விலை வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய 2024-இல் கட்டணம் 1.35 டாலர். தனியார் நிலத்தில் பல மடங்கு. கிள்ளான், பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் இப்படியொரு ரசீதைப் பெரும்பாலும் யாரும் பார்த்ததில்லை. விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்கள் மத்தியானத்துக்கு மேல் மாட்டை ஓட்டிப் போனார்கள். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. அதற்குச் சலுகை என்று பெயர் வைத்துவிட்டோம்.

சலுகை யாருக்கு? சம்பளம் எட்டாத இடத்தில் பால்காசு எட்டியது. கன்று விற்ற பணத்தில் கல்யாணம் நடந்தது. வீட்டின் பற்றாக்குறையை மாடு அடைத்ததால்தான் குறைந்த சம்பளத்திலும் குடும்பம் ஓடியது. அப்படியானால் அந்தப் புல் தர்மம் இல்லை. சம்பளத்தில் எழுதாமல் விட்ட ஒரு பகுதி. புல்லை நிறுத்திவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்தால் அது சம்பள வெட்டு.

"நிலம் அவனோடது, புல்லும் அவனோடதுதானே?" என்பார்கள். பொதுவில் கிடப்பது உழைப்பு கலந்ததும் ஒருவருக்குச் சொந்தமாகிறது என்றார் 17-ஆம் நூற்றாண்டில் ஜான் லாக். அதற்கு உதாரணம் காட்டும்போது, தன் குதிரை மேய்ந்த புல்லையும் தன் வேலைக்காரன் வெட்டிய புல்தரையையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இரண்டுமே எசமானுக்கு! காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நம் ஆட்களின் உழைப்பு எங்கே போனது என்பதற்கு அந்த ஒரு உதாரணம் போதும். சரி, அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். செம்பனைக்கு அடியில் தானாக முளைக்கும் புல்லில் நிர்வாகத்தின் உழைப்பு என்ன? அதைக் கொல்ல மருந்தடிக்கும் செலவுதான். பாராகுவாட் களைக்கொல்லி 2020-இல் தடையாகும்வரை அதையும் அடித்தார்கள். மாடு மேய்ந்தால் களைச் செலவு குறைகிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்போது யார் யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்?

எதிர்ப்பக்கமும் உண்டு. மாடு இளஞ்செடியின் மட்டையைக் கடிக்கும், மண்ணை இறுக்கும், சாலைக்கு வந்தால் விபத்து. ஆளுக்கொரு மாடு கூட்டிக்கொண்டே போனால் பொது மேய்ச்சல் நிலம் அழியும் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியதைக் காட்டுவார்கள். பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் கண்காணித்தால் பொதுநிலம் பிழைக்கும் என்பதற்குப் பல ஊர்களிலிருந்து சான்று காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர்.

ஆனால் விதி வகுக்க உட்கார வேண்டுமென்றால் முதலில் அங்கே உனக்கு ஓர் இடம் வேண்டும். சலுகையில் மேய்ப்பவருக்கு அது கிடையாது. தமிழ்நாட்டு வருவாய்ப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை நிலம் இருக்கிறது. ஆக்கிரமிப்பு அங்கும் நடக்கிறது. இருந்தாலும் வழக்குப் போட ஊர்க்காரர் கையில் ஒரு சொல் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. அண்மை ஆண்டுகளில் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தச் சொன்னபோது, வளர்ப்பவர்கள் மனுவோடு அலைந்தார்கள். மலேசிய சோசலிசக் கட்சி அவர்களுக்காகப் பேசிவருகிறது. மனு என்பது கேட்டுப் பெறுவது. ஒப்பந்தம் இருந்தால் கேள்வியே வேறு.

நாட்டில் மாட்டுக்குப் பணம் இல்லாமலும் இல்லை. கெமாஸில் தொடங்கிய தேசியக் கால்நடைப் பண்ணைத் திட்டத்துக்கு அரசாங்கம் ஒதுக்கிய சலுகைக் கடன் 250 மில்லியன் வெள்ளி. இலக்கை எட்டவில்லை என்று 2010-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. ஐந்து மாடு வைத்திருப்பவருக்கு வேண்டியது கடன் இல்லை, ரசீது.

அதனால் வாடகை வாங்கட்டும். எந்தப் பகுதி, எத்தனை மாடு, எத்தனை வருடம், தலைக்கு எத்தனை வெள்ளி என்று எழுதட்டும். மாடு மிச்சப்படுத்திய களைச் செலவையும் அதே தாளில் கழிக்கட்டும். வந்த தொகை கூடவா குறைவா என்று பேரம் பேசலாம், கோர்ட்டுக்கும் போகலாம். சும்மா மேய்ந்த மாட்டுக்கு அந்த வழி இல்லை. ஒரு நோட்டீஸ் போதும்.