பிள்ளைக்கு என்ன பெயர்?

பேறுகாலம் நெருங்கிய வீட்டில் தொட்டில் கட்டுமுன்னே பெயர்ச் சண்டை தொடங்கிவிடுகிறது. பாட்டி, மறைந்த தாத்தாவின் பெயரைக் கேட்கிறாள். இளந்தாய் புதுப் பெயர் தேடுகிறாள். மாமன் எண் சாஸ்திரம் பார்க்கிறான். பெயரை ஆயுள் முழுதும் சுமக்கப் போகும் பிள்ளையை மட்டும் யாரும் கேட்க முடியாது. அப்படியானால், அதன்மேல் ஒரு பெயரைச் சுமத்த நமக்கு என்ன உரிமை?

அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 1ம் அதிகாரத்தைப் பாருங்கள். சுற்றத்தார் குழந்தைக்குத் தகப்பன் பெயராகிய சக்கரியாஸ் என்றே இட முனைந்தார்கள். தாயோ அருளப்பர் என்றாள். உறவில் அப்பெயர் எவருக்கும் இல்லையே என்றார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் பலகையில் அதையே எழுதினார். பிள்ளை தங்கள் உடைமையல்ல, சர்வேசுரன் தந்த கொடை என்று அவ்விருவரும் அறிந்திருந்தார்கள்.

கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதே 1983ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். தமிழ்ப் பெயருக்குத் தடையில்லை. 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டப் பிள்ளை, லாசர் என்பதன் தமிழாகிய தேவசகாயம் என்ற பெயரைப் பெற்றார். அது அவருக்கு அதிர்ஷ்டம் கொண்டுவரவில்லை. 1752ல் விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தார். 2022ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தது.

ஆகவே பெற்றோரே, பெயரின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லி, அதன்படி நீங்களே முதலில் நடந்தால் பெயரிட உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டியையும் அருகில் அமர்த்தி, கூடி ஜெபித்து முடிவு செய்யுங்கள். சண்டையில் வென்ற பெயரைப் பிள்ளைக்கு இடாதீர்கள்.