நாம ஜெயிச்சோம், அவங்க தோத்தாங்க

1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் சகாக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி ஃபுட்பால் வெறி பிடித்த ஏழு பல்கலைக்கழகங்கள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். அணி ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடின. தொலைபேசியில் விசாரித்தபோது, வெற்றியைச் சொல்கையில் ‘நாம’ என்ற சொல் அதிகம் வந்தது. தோல்வியைச் சொல்கையில் குறைந்தது.

களத்தில் கால் வைக்காதவருக்கு அந்த ‘நாம’ எப்படிச் சொந்தமாகும்? ஓசிப் பெருமை என்று சிரித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மிச்சிகன் அணியின் ஹெல்மெட்டில் இருக்கும் சிறகு வடிவம் 1938-ல் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர் என்ற கோச் கொண்டுவந்தது. பந்தை எறிபவர் தூரத்தில் ஓடும் தன் ஆட்களைச் சட்டென்று கண்டுபிடிக்கணும், அதுதான் அவர் கணக்கு. வீரர்கள் சில வருஷத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள், சிறகு அப்படியே இருக்கிறது. இன்று அதை மாட்டிக்கொண்டு ஆடுகிறவரும் அதை உருவாக்கவில்லை. வீரர், ரசிகர் இருவருமே வாரிசுகள்தான்.

ஆனால் வாரிசுக்குச் சொத்து மட்டும் வராது, கடனும் வரும்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெர்ஸியில் வீரர் பெயர் இருக்காது. கல்லூரியைவிடப் பெரியவர் யாருமில்லை என்று அர்த்தம். அங்கே கோஷமே ‘வீ ஆர் பென் ஸ்டேட்’தான். 2011 நவம்பரில் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானார். அடுத்த ஆண்டு 45 குற்றங்கள் நிரூபணமாயின. தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ நீக்கப்பட்ட இரவு, மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்திப் பாதிக்கப்பட்டவர்களுக்காக நின்றார்கள். ஒரே கல்லூரி, ஒரே ‘நாம’. முதல் கூட்டம் சொத்தைக் காப்பாற்றப் பார்த்தது. இரண்டாவது கூட்டம் கடனை ஒத்துக்கொண்டது.

2012-ல் அணிமீது கடும் தண்டனை விழுந்தது. வீரர்கள் உடனே வேறு கல்லூரிக்குப் போகலாம் என்று வழியும் விட்டார்கள். எந்தத் தப்பும் செய்யாத பலர் போகாமல் இருந்தார்கள். அவர்களைக் கௌரவிக்க அந்த வருஷம் ஜெர்ஸியில் பெயர் ஏறியது. 2015-ல் மறுபடி எடுத்துவிட்டார்கள்.

அப்பா வைத்த கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளை பொறுப்பு என்கிறது நம் சட்டம். கல்லூரிப் பெருமைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்று நினைக்கிறேன். சாண்டஸ்கி செய்த குற்றம் எந்த ரசிகருடையதும் இல்லை. ஆனால் எத்தனை வெற்றிக்கு ‘நாம’ என்று சொன்னோமோ, அத்தனைக்கு ‘நாம ஏன் கேட்கல?’ என்ற கேள்வியும் நம்மைச் சேர்ந்தது. அதைக் கேட்க முடியாதவர், ஜெயித்த திங்கட்கிழமையும் வேறு சட்டை போட்டுக்கொள்வதுதான் நியாயம்.