மண்வாசனை யாருடையது?

கோடை மழை வரும் நாளில், திருவண்ணாமலை ரமணாசிரமத்து இலுப்பை மரத்தடியில் நிற்பவரைத் தூறலுக்கு முன்பே வாசனை வந்து தொடும். மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். மழை கொண்டுவந்தாலும் தமிழில் அதற்குப் பெயர் மண்வாசனைதான்.

மணம் மண்ணின் தனிக்குணம் என்பது வைசேடிகர் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினரின் கொள்கை. நீரிலோ காற்றிலோ மணம் வந்தால், அங்கே மண்ணின் அணுக்கள் கலந்திருக்கின்றன என்று வாதிட்டார்கள். சைவ சித்தாந்தமும் நாற்றத்தை நிலத்துக்கே உரியதாக்குகிறது.

1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். வறண்ட நாட்களில் செடிகொடிகள் வெளிவிடும் எண்ணெய்கள் கல்லிலும் களிமண்ணிலும் ஊறிக் கிடந்து, ஈரம் பட்டதும் கிளம்புகின்றன. 'பெட்ரா' என்றால் கல். 'இக்கோர்' கிரேக்கத் தெய்வங்களின் நாளங்களில் ஓடும் குருதி. மலையையே லிங்கமாகக் கண்டு 14 கிலோமீட்டர் வலம்வரும் ஊருக்கு இந்தப் பெயர் அந்நியமாகப் படாது.

கூடவே ஜியோஸ்மின் என்ற பொருளும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் சிக்கிய காற்று குமிழியாக எழுந்து வெடித்து, நுண்திவலைகளைத் தெறிக்கவிடுவதை 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டினார்கள். காற்றில் மண் கலந்தே வருகிறது! இதை வைத்து, முன்னோர் அன்றே எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று துள்ளுவது நேர்மையாகாது. ஒரு குணம் எந்தப் பொருளைச் சார்ந்தது என்பதே அவர்கள் கேள்வி. பாக்டீரியா அவர்கள் கணக்கில் இல்லை.

இந்த மணம் மனிதருக்கான அழைப்பும் அல்ல. மண்ணில் வாழும் குட்டிப் பூச்சிகளை அது ஈர்க்கிறது, அவை பாக்டீரியாவின் வித்துகளைச் சுமந்து பரப்புகின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.

அதே ஜியோஸ்மின் குடிதண்ணீரில் இருந்தால் முகம் சுளிக்கிறோம், பாசி நாற்றம் என்கிறோம். பொருள் ஒன்றே. அப்படியானால் இனிமை எங்கே இருக்கிறது? மண்ணிலா, மூக்கிலா?

1901–02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் தந்த விடைகளிலிருந்து பிறந்த 'நான் யார்?' நூல், மணத்தை அறியும் புலனையும் 'நான்' அல்ல என்று தொடக்கத்திலேயே விலக்குகிறது. அறிவியல் மூக்கு வரை வந்து சேர்த்த கேள்வியை, முகர்கிறவன் யார் என்று அது மேலே கொண்டுபோகிறது.

சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடுகிறது. மரத்தடியில் நிற்பவர் "வாசனை போயிடுச்சு" என்கிறார். அப்போதுதான் செங்கம் சாலையிலிருந்து உள்ளே நுழைந்தவர் நின்று, மூச்சை ஆழ இழுக்கிறார்.